நோக்கமுள்ள வாழ்வும் மூன்று நிமிடப் படமும்



பிறந்த மண்ணை விட்டு வேறு மாநிலத்தில் குடியேறிய தமிழர் ஒவ்வொருவரையும் ஒரு கேள்வி என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ளும். "தாத்தா, நாம் ஏன் இந்த ஊருக்கு வந்தோம்?" என்று பேரக் குழந்தை கேட்கும். "வேலை கிடைத்தது, வந்தோம்" என்று சொல்லி நாம் அந்தக் கேள்வியைக் கடந்துவிடுகிறோம். வந்ததற்கு அது காரணமாகலாம். வந்த இடத்தில் முப்பது ஆண்டுகள் எதன்பொருட்டு உழைத்தோம், எதைக் காப்பாற்றினோம், எதை இழக்கச் சம்மதித்தோம் என்பதற்கு அது விடையாகாது. அந்த விடையைச் சொல்லாமலே எத்தனையோ பெரியவர்கள் மறைந்துவிட்டார்கள். சொல்ல மனமில்லாமல் அல்ல; கேட்பாரும் சொல்வாரும் ஒருங்கே அமர ஒரு வேளை வாய்க்கவில்லை.

முன்பெல்லாம் இத்தகைய செய்திகளைக் கடிதத்திலோ நாட்குறிப்பிலோ எழுதி வைப்பார்கள். இன்று டெல்லியிலும் பூனாவிலும் கல்கத்தாவிலும் வளரும் நம் குழந்தைகளில் பலர் தமிழைக் காதால் அறிவார்கள், கண்ணால் அறியமாட்டார்கள். வீட்டில் பேசுவது விளங்கும். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவர்களுக்கு நாம் தமிழில் எழுதி வைக்கும் ஏடு பூட்டிய பெட்டியாகவே இருக்கும். ஆனால் நம் குரல் அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. ஆகவே, கைப்பேசியிலேயே எடுத்துவிடக்கூடிய ஒரு சிறு காணொளிப் படம், நம் வாழ்வின் நோக்கத்தை அவர்களிடம் சேர்ப்பிக்கத் தக்க கருவியாகிறது. அத்தகைய படத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதை இங்கே காண்போம்.

முதற்கண், இப்படம் எதுவன்று என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். இது வாழ்க்கை வரலாறு அன்று. பிறந்த ஊர், படித்த பள்ளி, பெற்ற பதவி என்று வரிசையாக அடுக்கத் தேவையில்லை. இது உபதேசமும் அன்று. "உழைத்தால் உயரலாம்" என்று தொடங்கினால் இளைஞர் எழுந்து போய்விடுவார்கள். ஒரு மனிதர் எதற்காக வாழ்ந்தார் என்பதை, அவர் செய்த காரியங்களைக் கொண்டே காட்டுவதுதான் இதன் வேலை. மூன்று நிமிடம் போதும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பார்ப்பவர் மனம் வேறெங்கேனும் சென்றுவிடும்.

திட்டத்தில் முதற் கேள்வி, யாருக்காக என்பது. "எல்லாருக்கும்" என்பது விடையாகாது. 1947 நவம்பர் 12-ஆம் நாள் காந்தியடிகள் டெல்லி வானொலி நிலையத்துக்கு வந்தார். அவர் அந்த நிலையத்துக்கு வந்து பேசியது அந்த ஒரு முறைதான். நாடு முழுவதும் கேட்கக்கூடிய கருவி முன்னே இருந்தது. எனினும் அவர் பேசியது, பிரிவினையால் வீடு வாசலை இழந்து குருக்ஷேத்திர முகாமில் தங்கியிருந்த அகதிகளை நோக்கியே. நேரில் செல்ல இயலாத இடத்துக்குத் தம் குரலை அனுப்பினார். கேட்பவர் இன்னார் என்று தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டியது எது, வேண்டாதது எது என்பது தானே தெளிவாகிவிடுகிறது. நீங்களும் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். கல்லூரியில் சேரவிருக்கும் மகளா, ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியா, இன்னும் பேசத் தொடங்காத பேரனா? பெயரைத் தாளில் எழுதி முன்னே வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திட்டமிடுங்கள்.

இரண்டாவது கேள்விதான் கடினமானது: என் வாழ்வின் நோக்கம் யாது? பெரிய விடை வேண்டும் என்று எண்ணிப் பலர் இவ்விடத்தில் திகைத்து நின்றுவிடுகிறார்கள். வியன்னா நகரத்து மனநோய் மருத்துவர் விக்டர் பிராங்கல், நாஜிகளின் சிறை முகாம்களில் அடைபட்டு உயிர் தப்பியவர். தம் அனுபவத்தை 1946-இல் நூலாக வெளியிட்டார். வாழ்வின் பொருளை மனிதன் மூன்று வழிகளில் கண்டடைகிறான் என்பது அவர் கொள்கை. ஒன்று, அவன் ஆற்றும் செயல். மற்றொன்று, அவன் பிறர்மீது வைக்கும் அன்பு. மூன்றாவது, தவிர்க்க முடியாத துன்பத்தை அவன் தாங்கும் முறை. நம் நினைவுகளை இந்த மூன்று வழியிலும் தேடிப் பார்த்தால், நோக்கமே இல்லாமல் வாழ்ந்தேன் என்று சொல்லக்கூடியவர் மிகச் சிலரே என்பது புலப்படும்.

கண்டடைந்த நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு ஒரு சோதனை வையுங்கள்: "இதற்காக நான் எதை விட்டுக்கொடுத்தேன்?" விட்டுக்கொடுத்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லையானால், அந்த வாக்கியம் நம் விருப்பமாக இருக்கலாம், நோக்கமாக இருக்க வாய்ப்புக் குறைவு. சமுதாயத் தொண்டே என் நோக்கம் என்று எழுதும் ஒருவர், அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் செலவிடவில்லை என்று கண்டால், வாக்கியத்தைத் திருத்துவதே நேர்மை. மாறாக, அரசாங்க அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டே, இருபது ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தருவதில் கழித்தவர், தம் நோக்கம் எதுவென்று ஒருமுறைகூட வாயால் சொல்லியிருக்கமாட்டார். அவருடைய நாட்கள் அதைச் சொல்லும்.

நோக்கம் இடையிலே மாறியிருக்கவும் கூடும். ஊரிலுள்ள கடனை அடைத்துவிட்டு ஐந்தாண்டில் திரும்பிவிடலாம் என்று வந்தவர், கடன் அடைந்த பின்னும் தம்பிமாரின் படிப்புக்காகத் தங்கியிருப்பார். பிறகு இந்த மண்ணையே சொந்தமாக்கிக்கொண்டிருப்பார். இந்த மாற்றத்தை மறைக்க வேண்டியதில்லை. கைகூடாமற்போன நோக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. தந்தை நினைத்ததெல்லாம் நிறைவேறியது என்று காட்டும் படத்தைவிட, நினைத்தது நிறைவேறாதபோது அவர் என்ன செய்தார் என்று காட்டும் படமே பிள்ளைகளுக்கு நாளை கைகொடுக்கும்.

ஓர் உதாரணம் கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஓர் அம்மையார் என்று வைத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து இட்லி அவித்துக் கொடுக்க, மகன் அதைச் சைக்கிளில் வைத்துத் தெருத்தெருவாக விற்று வருகிறான். மகள் செவிலியர் படிப்பை முடித்து வேலையில் இருக்கிறாள். அம்மையாரின் வாக்கியம் இது: "என் மகள் யாரிடமும் கையேந்தாமல் சொந்தக் காலில் நிற்க வேண்டும்." விட்டுக்கொடுத்தது என்ன? இருபது ஆண்டுகளாக விடியற்காலை உறக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஊர்க் கோயில் கொடைக்குப் போக முடியாமற்போன ஏக்கம். இவ்வளவும் அவர் வாயால் விவரிக்கத் தேவையில்லை. இதைப் படமாக்கும் முறை ஒன்று உண்டு.

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இடப்புறம் காண்பது, வலப்புறம் கேட்பது. அம்மையாரின் படத்துக்கு இடப்புறம் இவ்வாறு அமையலாம்: இருட்டில் அடுப்பு வெளிச்சம், கொப்பரையின் மூடியைத் திறக்கும் கை, மேலெழும் ஆவி, தூக்குவாளியில் சட்னியை ஊற்றுதல், சைக்கிள் சந்து திரும்பி மறைதல், சுவரில் மகளின் பட்டமளிப்புப் படம், கடைசியில் அம்மையாரின் முகம். வலப்புறம்: முதல் மூன்று காட்சிகளுக்குப் பேச்சு வேண்டாம், ஆவியின் சீறலும் பாத்திர ஓசையும் போதும். சைக்கிள் போகும்போது, எந்த ஆண்டில் வந்தார், முதல் நாள் எத்தனை இட்லி விற்றது என்று இரண்டே வாக்கியம். மகளின் படம் தெரியும்போது கொடைக்குப் போகாத கதை. முகம் தெரியும்போது மகளுக்குச் சொல்ல விரும்பும் ஒரு சொல். கண் காண்பதையே வாயும் சொன்னால் ஒன்று வீணாகிறது. "நான் விடியற்காலையில் எழுவேன்" என்று சொல்வதைவிட, இருட்டில் எரியும் அடுப்பைக் காட்டுவது மேல்.

பேச வேண்டியதை முன்னரே எழுதிக்கொள்வது நல்லது. 1931-இல் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த காந்தியடிகளின் குரலை இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். அவர் அரசியலைப் பேசவில்லை. கடவுளைப் பற்றித் தாம் முன்பே எழுதியிருந்ததை வாசித்தார். சில நிமிடமே ஒலிக்கும் அந்தப் பதிவு இன்றும் கேட்கப்படுகிறது. எழுதியதை அப்படியே வாசிக்க வராதவர்கள், குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, எதிரே ஒருவரை அமர்த்தி அவரிடம் பேசலாம். எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். நான்கு நிமிடம் ஆனால் ஒரு நிமிடத்தைக் குறையுங்கள்.

எந்த மொழியில் பேசுவது என்ற தயக்கம் நம் குடும்பங்களில் எழுவதுண்டு. குழந்தைக்குப் புரியட்டும் என்று இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசலாமா? என் கருத்து, வீட்டில் பேசும் தமிழிலேயே பேச வேண்டும் என்பது. நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ, உங்கள் நாவில் வருவதே வரட்டும். மேடைத் தமிழ் வேண்டியதில்லை. புரியாத இடத்துக்கு அந்த மாநிலத்து மொழியில் படத்தின் அடியில் எழுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். பொருளை எழுத்து ஏந்திக்கொள்ளும். குரலின் குழைவை எந்த மொழிபெயர்ப்பும் ஏந்தாது.

படம் பிடிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கைப்பேசியின் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். சன்னல் வெளிச்சம் முகத்தில் விழுமாறு அமருங்கள். சன்னல் முதுகுப்புறம் இருந்தால் முகம் இருண்டுவிடும். கருவியைக் கையில் பிடிக்காமல், கண்ணின் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, கிடைமட்டமாகச் சாய்த்து நிறுத்துங்கள். ஒலி மிக முக்கியம். மங்கலான படத்தைப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். விளங்காத பேச்சைப் பொறுக்கமாட்டார். ஆகவே, மின்விசிறியை நிறுத்துங்கள். அழைப்பு வராமல் கைப்பேசியை விமான நிலையில் வையுங்கள். பேசுபவரிடமிருந்து இரண்டு மூன்று அடிக்குள் கருவி இருக்கட்டும். ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடி அசையாமல் எடுத்தால் பின்னர்த் தொகுப்பது எளிது.

தொகுப்பது என்றால் பெரும்பாலும் நீக்குவதே. கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார், 1937-இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுக்க வேண்டும் என்று எண்ணினார். பல நாடுகளில் அலைந்து, ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருளைத் தேடிச் சேர்த்தார். 1940-இல் சென்னையில் வெளியான படத்தின் நீளம் ஏறத்தாழ 12,000 அடிதான். அரும்பாடுபட்டுச் சேர்த்ததில் முக்காற்பங்குக்கு மேல் ஒதுக்கினார். உலகம் சுற்றிச் சேர்த்ததையே அவரால் ஒதுக்க முடிந்ததென்றால், நம் திருமண ஊர்வலத்தையும் பணி ஓய்வு விழா மாலையையும் நாம் ஒதுக்கலாம். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே கேள்வி: தாளில் எழுதிய அந்த வாக்கியத்துக்கு இது துணை செய்கிறதா? செய்யாவிட்டால், அழகாக இருந்தாலும் விலக்கிவிடுங்கள்.

படத்தில் தோன்றும் மற்றவர்களின் சம்மதத்தைக் கேட்டுப் பெறுவது நாகரிகம். குடும்பத்தின் கடன், நோய், மனக்கசப்பு போன்றவை உங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. வெளியாருக்கும் காட்டும் எண்ணம் இருந்தால், வீட்டு முகவரி, அடையாள அட்டை, குழந்தையின் பள்ளிப் பெயர் முதலியன படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்த படத்தின் கோப்புக்கு ஆண்டும் பெயரும் இட்டு, மூன்று படிகளாக வைத்திருங்கள்; அவற்றில் ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். கைப்பேசியில் மட்டும் உள்ள படம், கைப்பேசி தொலைந்தால் தொலைந்ததே.

தாளில் அந்த ஒரு வாக்கியத்தை எழுத அமர்ந்து, எழுத முடியாமல் எழுந்துவிடுபவர்களும் இருப்பார்கள். மகளின் திருமணம் முடிந்தது, வீட்டுக் கடன் தீர்ந்தது, பணியும் ஓய்ந்தது, இனி என்ன என்ற வெறுமை அவர்களைச் சூழ்ந்திருக்கலாம். அவர்கள் படத்தைத் தள்ளிவைக்கட்டும். தாளைத் தள்ளிவைக்க வேண்டாம். நாளைக் காலையில் எழுந்ததும் யாருக்காக எதைச் செய்யலாம் என்பதை அதில் எழுதி, ஒரு மாதம் செய்து பார்க்கட்டும். காட்டுவதற்கு அப்போது ஏதேனும் கிடைத்திருக்கும். மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால், அவருடைய படத்தை முதலில் எடுங்கள்.