களஞ்சியமும் கணக்கும்

ஜாவா மொழியில் அமையும் மென்பொருள் ஒருவரே எழுதி முடிப்பதன்று. பிறர் ஆக்கிய கூறுகளை மேவன் சென்ட்ரல் போன்ற பொதுக் களஞ்சியங்களிலிருந்து பெற்றே அதனைப் பெரும்பாலும் அமைக்கின்றனர். அக்கூறுகளோ வேறு கூறுகளைச் சார்ந்து நிற்பன. ஒன்றை அழைத்தால், அது தன் சுற்றத்தையும் உடன் அழைத்து வருகின்றது.

நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் 'லொக்ஃபோர்ஜே' என்னும் கூறில், அயலார் தொலைவிலிருந்தே கணினியை ஆட்டுவிக்க இடந்தரும் குறையொன்று 2021 டிசெம்பரில் வெளிப்பட்டது. திருத்திய பதிப்புகள் அம்மாதமே வந்தன. ஆயினும், அக்கூறு தம்மிடம் இருப்பதையே பலர் அறிந்திலர். அது சுற்றத்தோடு சுற்றமாய் நுழைந்திருந்தது.

ஆதலின், சேர்ந்த கூறுகள் அனைத்தின் பெயரையும் பதிப்பெண்ணையும் எழுதிவைத்தல் வேண்டும். சோதித்துத் தேர்ந்தவற்றைத் தமக்கென ஒரு களஞ்சியத்தில் வைத்து, அதிலிருந்தே நிறுவுதல் நன்று. வீட்டினுள் இருப்போர் யாவரென அறியாதவன் கதவைப் பூட்டியும் பயனில்லை அன்றோ?