வழி மறந்த தாத்தாவைத் தேடும் ஊர்!

தீப்பிடித்தால் எப்படித் தப்பிப்பது என்று பள்ளியில் ஒத்திகை பார்த்திருப்பீர்கள். பூகம்பம் வந்தால் மேஜைக்கு அடியில் எப்படிப் பதுங்குவது என்று ஜப்பான் பள்ளிகளில் ஒத்திகை உண்டு. காணாமல் போன தாத்தாவைத் தேட ஒரு ஊரே சேர்ந்து ஒத்திகை பார்க்கிற சேதி தெரியுமா குட்டீஸ்?

அந்த ஊரின் பெயர் ஓமுட்டா. ஜப்பானின் தெற்கே, கியூஷூ தீவில் இருக்கிறது. மீகே நிலக்கரிச் சுரங்கத்தால் ஒரு காலத்தில் ஓஹோவென்று வாழ்ந்த ஊர். 1997ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இளைஞர்கள் பலர் வேலை தேடி வெளியூர் போக, பெரியவர்கள் தங்கிவிட்டார்கள். இன்று அங்கே வசிப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் 65 வயதைத் தாண்டியவர்கள்! அவர்களில் பலருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய்.

மறதி நமக்கும்தான் இருக்கிறது. பேனாவை எங்கே வைத்தோம் என்று வீடெல்லாம் தேடுகிறோமே! இது அப்படியல்ல. பேனா எதற்கு என்பதே மறந்து போகும். டிமென்ஷியாவில் பல வகை உண்டு. அதிகம் பேருக்கு வருவது அல்சைமர் நோய். 1906ல் இதைப் பற்றி எடுத்துச் சொன்ன ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்சைமரின் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள்.

நம் மூளைக்குள் கடல்குதிரை வடிவத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. புதிதாக நடப்பதை நினைவில் பதித்து வைக்க உதவுவது அதுதான். அல்சைமர் பெரும்பாலும் முதலில் அதைத்தான் தாக்கும். அதனால் காலையில் சாப்பிட்டது மறந்துவிடும். ஐம்பது வருடத்துக்கு முன் வேலை பார்த்த இடம் பளிச்சென்று நினைவில் இருக்கும். 'வேலைக்கு நேரமாச்சு' என்று தாத்தா கிளம்பிவிடுவார். தெருவெல்லாம் மாறியிருக்கும். வீடு திரும்பத் தெரியாது. ஜப்பானில் 2023ம் ஆண்டில் மட்டும் டிமென்ஷியா உள்ளவர்கள் இப்படிக் காணாமல் போனதாகப் போலீசுக்கு வந்த புகார்கள் 19,039. பெரும்பாலானவர்கள் சில நாட்களில் கிடைத்துவிட்டார்கள். எல்லோரும் உயிரோடு கிடைக்கவில்லை.

'வீட்டில் இருப்பவர்கள் கவனமாகப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?' என்று கேட்கத் தோன்றுகிறதா? 2007 டிசம்பரில், ஓமுட்டாவிலிருந்து வெகுதூரத்தில் உள்ள ஓபு நகரில் நடந்ததைக் கேளுங்கள். 91 வயதுத் தாத்தா ஒருவர். வீட்டில் அவரோடு இருந்தவர் 85 வயதுப் பாட்டி. பாட்டி கொஞ்ச நேரம் கண்ணயர்ந்த போது, தாத்தா வெளியே போய்விட்டார். ரயில் பாதையில் இறங்கி, ரயில் மோதி இறந்து போனார். 'ரயில்கள் தாமதமாகி எங்களுக்கு நஷ்டம். குடும்பத்தினர் பணம் தர வேண்டும்' என்று ரயில் நிறுவனம் வழக்குப் போட்டது! கீழ்க் கோர்ட்டுகளும் தரச் சொல்லிவிட்டன. 2016ல்தான் உச்ச நீதிமன்றம், 'குடும்பத்தினர் தர வேண்டியதில்லை' என்று தீர்ப்பளித்தது. கண் இமைக்காமல் இருபத்து நாலு மணி நேரமும் காவல் காக்க அந்தப் பாட்டியால் முடியுமா, சொல்லுங்கள்!

ஓமுட்டா மக்கள் இதை முன்பே புரிந்துகொண்டார்கள். வீட்டில் இருப்பவர்களின் கண் போதாது, ஊர்க்காரர்களின் கண்ணும் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 2004ல் ஊரின் ஒரு பகுதியில் ஒத்திகை தொடங்கியது. 2007ல் நகரம் முழுவதும் பரவியது.

எப்படி நடக்கும் தெரியுமா? வழி தவறியவராக ஒருவர் நடிப்பார். தெருத் தெருவாக நடந்துகொண்டே இருப்பார். 'காணவில்லை' என்று போலீசுக்குத் தகவல் போகும். அங்கிருந்து மற்ற அலுவலகங்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் பறக்கும். பதிவு செய்து வைத்திருப்பவர்களின் செல்போனுக்குச் செய்தி வரும். என்ன வயது, என்ன நிறச் சட்டை என்றெல்லாம் அதில் இருக்கும். உடனே எல்லோரும் தெருவைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஆளைக் கண்டுபிடிப்பதைவிடப் பேசுவதுதான் கஷ்டம்! முன்பின் தெரியாதவரிடம் போய் என்ன கேட்பது? கூச்சம் வாயைக் கட்டிப்போடும். கூச்சம் போகத்தான் ஒத்திகை. பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் பயந்து போவார். முகத்துக்கு நேரே வந்து, மெதுவாக வணக்கம் சொல்ல வேண்டும். நாலைந்து பேர் சூழ்ந்துகொள்ளக் கூடாது. ஒருவர் பேசினால் போதும். பதில் வர நேரமாகும்; காத்திருக்க வேண்டும். 'இதுகூட ஞாபகம் இல்லையா?' என்று மட்டும் கேட்கவே கூடாது. (நீங்கள் இப்படி யாரையாவது பார்த்தால், உடனே பக்கத்தில் உள்ள பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதுவே பெரிய உதவி.)

இதே பாடத்தை ஜப்பான் முழுவதும் சொல்லித் தருகிறார்கள். திடுக்கிட வைக்காதே, அவசரப்படுத்தாதே, மனதைப் புண்படுத்தாதே - மூன்றே விஷயம்! 2005ல் தொடங்கிய இந்த வகுப்பு சுமார் 90 நிமிடம்தான். முடித்தவர்கள் 'டிமென்ஷியா ஆதரவாளர்' ஆகிவிடுவார்கள். கையில் மாட்டிக்கொள்ள ஆரஞ்சு நிற வளையம் ஒன்றைக் கொடுத்து வந்தார்கள். கடைக்காரர், பாங்க் ஊழியர், பள்ளி மாணவர் என்று 2024க்குள் 1.5 கோடிப் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு ஜப்பானிய மொழியில் முன்பு இருந்த பெயரின் எழுத்துகளில் 'முட்டாள்' என்ற அர்த்தம் இருந்தது. நோய் வந்தவரைத் திட்டுவது போல இல்லை? 2004 டிசம்பரில் அரசு அந்தப் பெயரை மாற்றிவிட்டது. ('கிழத்துக்குப் புத்தி கெட்டுப்போச்சு' என்று நம் ஊரில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.) ஓமுட்டாவில் ஒத்திகையின் பெயரிலும் 'சுற்றித் திரிதல்' என்ற சொல் இருந்தது. வேலைக்கோ பழைய வீட்டுக்கோ போக நினைத்துக் கிளம்பியவரை, சும்மா திரிகிறார் என்று சொல்லலாமா? 2015ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஓமுட்டா பள்ளிகளில் இதற்கென்றே ஒரு படக்கதைப் புத்தகம் வைத்து வகுப்பு நடத்துகிறார்கள். மாணவர்கள் கதையைப் படித்த பிறகு, குழுக்களாக உட்கார்ந்து, 'அந்த வீட்டில் நான் இருந்தால் என்ன செய்வேன்?' என்று பேசுவார்கள். ஒத்திகை நாளில் பெரியவர்களோடு சேர்ந்து அவர்களும் தெருவில் இறங்கித் தேடுவார்கள்.