நால்வர் அணியில் எந்தச் சீட்டு எவர் கட்டில்?

தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் எதிரெதிரே அமர்ந்த இருவர் ஓர் அணியாக ஆடும் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டத்தில், 32 சீட்டுகள் கொண்ட கட்டை எவராலும் மாற்ற முடியாது. முதலில் வந்த 4 சீட்டைக் கொண்டு கேள்வி கேட்டு, துருப்பைக் கவிழ்த்துவைத்து, மீதி 4 சீட்டுக்குக் காத்திருப்பதைத் தவிர, சீட்டு வரவின்மேல் ஆடுபவருக்கு வேறு அதிகாரம் இல்லை. டொனால்ட் எக்ஸ். வக்காரினோ வடிவமைத்து 2008-ல் வெளிவந்த 'டொமினியன்' அந்த அதிகாரத்தை ஆடுபவரிடமே ஒப்படைத்தது. அதில் ஒவ்வொருவரும் 10 எளிய சீட்டுகளோடு தொடங்கி, புதியவற்றை வாங்கிச் சேர்த்தும் வேண்டாதவற்றை நீக்கியும் தம் கட்டைத் தாமே உருவாக்குகிறார். முறைக்கு 5 சீட்டு எடுத்து ஆடி, கட்டு தீர்ந்ததும் கழிவுக் குவியலைக் கலைத்து மறுபடி கட்டாக்குகிறார். இதன் வழிவந்த கணினி ஆட்டங்களுள் 'அக்ராஸ் தி ஒபெலிஸ்க்' நான்கு வீரர்கள் கொண்ட அணியையும், வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கட்டையும் தருகிறது.

புதிதாக ஆடுபவர்கள் நல்ல சீட்டு எது கிடைத்தாலும் சேர்த்துக்கொண்டே போவதுதான் இவ்வகை ஆட்டங்களில் மிகுதியான தோல்விகளுக்குக் காரணம். முறைக்கு 5 சீட்டு எடுக்கும் ஆட்டத்தில், 10 சீட்டுக் கட்டிலிருந்து குறிப்பிட்ட இரண்டு சீட்டுகள் முதல் கையிலேயே சேர்ந்து வரும் வாய்ப்பு 9-ல் 2 என்றால், கட்டு 20 ஆகப் பெருகும்போது அது 19-ல் 1 ஆகச் சுருங்கிவிடுகிறது.

அணி ஆட்டத்தில் இதனோடு இன்னொரு கேள்வியும் சேர்கிறது. நால்வர் கட்டிலும் 15 சீட்டு வீதம் இருப்பதாகக் கொண்டால், மூவரின் கட்டில் ஒவ்வொன்றாக இருக்கும் மூன்று சீட்டுகள் ஒரே சுற்றில் வந்தால்தான் பலிக்கும் திட்டத்துக்கு 27-ல் 1 வாய்ப்பே உண்டு. ஆகவே ஒருவரையொருவர் எதிர்பார்த்து நிற்கும் சேர்க்கைகளை இயன்றவரை ஒரே வீரரின் கட்டுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. காயம் ஆற்றும் சீட்டைப் போல எவரிடம் வந்தாலும் போதும் என்ற வகையில் கணக்கு வேறுவிதமாக இருக்கிறது. அதை நால்வருக்கும் ஒவ்வொன்றாகப் பகிர்ந்தால், முதல் சுற்றிலேயே ஒன்றாவது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு. நான்கையும் ஒருவரிடமே குவித்தால் சுமார் 85 விழுக்காடு. எண் குவிப்பதற்கே சாதகமாகத் தோன்றினாலும், அந்த ஒருவர் வீழ்ந்தால் நான்கு சீட்டுகளும் அவரோடு போய்விடும் என்பதையும், அவர் கையில் இரண்டு மூன்று ஒருங்கே வந்து முடங்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பகிர்வதே பாதுகாப்பானது.

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் சம்சாரி இந்த நியாயத்தைக் காலங்காலமாகக் காட்டிலேயே நடத்திவந்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழை எந்த வாரம் வரும், எந்த வாரம் ஏமாற்றும் என்பது அவர் கையில் இல்லை. விதைப்பெட்டியில் எதை எதோடு சேர்ப்பது என்பது மட்டுமே அவர் கையில் இருக்கிறது. பருத்தியோடு உளுந்தையும், சோளத்தோடு தட்டையையும் சேர்த்து அவர் விதைப்பது, முன்மழை பெய்தால் குறுகிய நாள் பயறு வீடு வந்துசேரவும், பின்மழை பெய்தால் வேர் ஆழமாக இறங்கும் பருத்தி நின்று வெடிக்கவும்தான். 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கான ஊடுபயிர் முறைகளை ஆராய்ந்துவந்திருப்பதும் இந்த அனுபவத்தின் தொடர்ச்சியே.

கூடுதல் சீட்டு எடுக்கவைக்கும் சீட்டுகள் அணி ஆட்டத்தில் பெரிதும் விரும்பப்படுபவை. ஆனால் ஒவ்வொரு சீட்டையும் ஆட ஆற்றல், அதாவது முறைக்கு இவ்வளவு என்று அளந்து தரப்படும் செலவுப் புள்ளி, வேண்டும். 3 புள்ளி மட்டுமே உள்ள வீரரிடம் இரண்டு புள்ளிச் சீட்டுகளே நிறைந்திருந்தால், அவர் கைக்கு 8 சீட்டு வந்தாலும் ஒன்றைத்தான் ஆட முடியும்; மற்றவை ஆடப்படாமலே கழிவுக்குப் போகும். அதே கூடுதல் வரவை, செலவில்லாத அல்லது ஒரு புள்ளிச் சீட்டுகள் மிகுந்த வீரரிடம் திருப்பிவிட்டால் அநேகமாக ஒவ்வொன்றும் பயன்படுகிறது. எனவே ஒரு வீரருக்குச் சீட்டு வரவைக் கூட்டும் முன், அவர் கட்டிலுள்ள சீட்டுகளின் சராசரிச் செலவைப் பார்த்து, விலை மிகுந்த ஒன்றிரண்டை நீக்குவதே முதல் வேலையாகிறது.