கிட்டாருக்குள் புகுந்த மலை ஈரம்

மாணவர்களே, கேமரன் மலையில் துவைத்த துணி காய எத்தனை நாள் ஆகும் என்று இங்கே தங்கிப் போன யாரையாவது கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை பெய்யாத நாளிலும் மூடுபனி தேயிலைச் சரிவுகளில் இறங்கிவிடும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டித்தான் நிற்கும். இந்தக் காற்றில் ஒரு மர வாத்தியம் 18 ஆண்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தால் என்ன ஆகும்?

போன ஆண்டு அப்படி ஒரு மின்கிட்டாரை 400 வெள்ளி கொடுத்து வாங்கினேன். விற்றவர், தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா. இளமையில் தோட்டத்துக் கல்யாணங்களில் எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டுகளை வாசித்தவர். 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போனார்கள். அதன் பிறகு இந்த வட்டாரத்தில் பல இளைஞர்களுக்கு மின்கிட்டார் மோகம் பிடித்தது. ‘பாப் யே யே’ பாடல்களும், ‘குகிரான்’ எனப்பட்ட கிட்டார் குழுக்களும் அந்த அலையில் வந்தவை. தாத்தாவின் கிட்டாரும் அந்த ஆசையில், பிற்காலத்தில் ஈப்போவில் பழையதாக வாங்கியதுதான். ஜப்பானில் செய்தது. விரல்கள் மடங்காததால் விற்கிறார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “சத்தம் வந்தா ஒரு தரம் எனக்குக் கேக்கணும், டீச்சரம்மா.”

இது ‘பாதி உள்ளீடற்ற’ வகை. அதென்ன பாதி? கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் ‘கீ’ என்று அலறுமே, அதுதான் பின்னூட்டம். உள்ளே முழுக்க வெற்றிடமாக இருக்கும் கிட்டாரை மின்சாரத்தில் சத்தமாக வாசித்தாலும் இதே கதைதான். ஒலிபெருக்கியின் ஓசை கிட்டாரின் மேல்பலகையை அதிர வைக்கும். பலகை கம்பிகளை அதிர வைக்கும். அந்த அதிர்வு மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகும். 1958-இல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் இதற்கு ஒரு வழி செய்தது. ஈஎஸ்-335 என்ற மாதிரியில் உடலின் நடுவே மேப்பிள் மரக்கட்டை ஒன்றை நீளமாக வைத்தார்கள். இரு பக்கமும் வெற்றிடம், நடுவில் கெட்டி. வெற்றிடக் கிட்டாரின் இதமான ஓசையும் ஓரளவு கிடைத்தது, அலறலும் குறைந்தது. முழுக்கப் போய்விடவில்லை. ப்ளூஸ் மேதை பி.பி.கிங் தன் கிட்டாரின் எஃப் வடிவத் துளைகளுக்குள் துணியை அடைத்து வாசித்தவர். பிறகு 1980-இல் அவருக்கென்றே வந்த ‘லூசில்’ மாதிரியில் அந்தத் துளைகளே இல்லை. எழுபதுகளில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் இந்த வடிவத்தைப் பார்த்து நிறையச் செய்தன. என் கையில் இருந்தது அதில் ஒன்று.

பழைய கிட்டாரை வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், தேய்மானத்தைப் பாருங்கள். விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகளுக்கு ஃபிரெட் என்று பெயர். இதில் முதல் மூன்று ஃபிரெட்டுகளில் மட்டும் கம்பிக்கு நேர் கீழே பள்ளம். அதாவது தாத்தா தனி வாசிப்பை விட, பாட்டுக்குத் துணையாகக் கார்டுகளைப் பிடித்தவர். ஃபிரெட் செய்யும் உலோகத்தை ‘நிக்கல் சில்வர்’ என்பார்கள். அதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த கலவை. எஃகுக் கம்பியை விட மென்மையானது, அதனால்தான் தேய்கிறது. அதன் மேல் படிந்திருந்த பச்சைக் களிம்பு செம்பின் வேலை.

வீட்டுக்கு வந்ததும் ஆம்ப்ளிஃபையரில் இணைத்தேன். இரண்டு பிக்கப்புகளில் ஒன்று கரகரத்தது. மற்றது பேசவே இல்லை. படிவம் 5 மாணவர்களுக்கு இது பாடம். பிக்கப்புக்குள் காந்தமும், முடியை விட மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. எஃகுக் கம்பி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது.

ஆனால் நம் வீட்டு மின்சாரமும் வினாடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. அதையும் சுருள் பிடித்து ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிக்கும். 1955-இல் கிப்சனில் சேத் லவர் என்பவர் இரண்டு சுருள்களைச் சேர்த்தார். இரண்டாவது சுருளை எதிர்த்திசையில் இணைத்தார், ரீங்காரம் எதிர்க்குறியாகி முதலாவதோடு கழிந்துபோனது. கம்பியின் ஓசையும் அதோடு கழிந்துவிடக் கூடாதே? அதற்காக இரண்டாவது சுருளின் காந்த முனையையும் தலைகீழாக வைத்தார். எதிர்க்குறிக்கு எதிர்க்குறி நேர்க்குறி. ஓசை கூடியது, ரீங்காரம் மட்டும் மறைந்தது. கணக்குப் பாடத்தில் எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மல்டிமீட்டரை வைத்தேன். கரகரத்த பிக்கப்பில் மின்தடை 7.6 கிலோ ஓம், நலம். கரகரப்பு, ஒலியளவுத் திருகுக்குள் படிந்த அழுக்கு. ஊமைப் பிக்கப்பில் மீட்டர் எண்ணே காட்டவில்லை. இரு சுருளும் தொடர் இணைப்பு, ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் நின்றுவிடும். சுருள்களைத் தனித்தனியே அளந்ததில் ஒன்று 3.8 காட்டியது, மற்றது இல்லை. சுருளின் உள்ளே அறுந்திருந்தால் ஆயிரக்கணக்கான சுற்றுகளை மறுபடி சுற்ற வேண்டும். நல்ல வேளை, வெளியே வரும் கம்பியின் பற்றவைப்பில்தான் பச்சை பிடித்து விட்டுப்போயிருந்தது. பத்து நிமிட வேலை.

பத்து நிமிடம் என்றது பற்றவைக்க மட்டும். இந்த வகைக் கிட்டாரில் திருகுகளை எஃப் துளை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும் முன் ஒவ்வொரு தண்டிலும் தூண்டில் நைலான் நரம்பைக் கட்டிவிட்டால், திரும்ப இழுத்து அதனதன் இடத்தில் உட்கார வைக்கலாம். நான் கட்டாமல் எடுத்தேன். ஒரு சனிக்கிழமை முழுதும் போனது.

உண்மையான ஆபத்து மின்சாரத்தில் இல்லை, மரத்தில் இருந்தது. மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருந்தால் மரத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடு நீர் இருக்கும். காற்று 90 ஆனால் மரம் 20-ஐத் தொடும். அத்தனை ஈரத்தோடு, 40 கிலோ எடைக்கு மேல் இழுக்கும் ஆறு கம்பிகளையும் தளர்த்தாமல் வைத்திருந்ததால் கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கழுத்துக்குள் இருக்கும் எஃகுத் தண்டைத் திருகி நிமிர்த்தலாம்தான். ஆனால் முதலில் மரம் உலர வேண்டும்.

அங்கேதான் நான் அவசரப்பட்டேன். கம்பிகளைக் கழற்றி, கிட்டாரைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டேன். அலமாரி ஈரம் உறிஞ்ச வைப்போமே, கால்சியம் குளோரைடு டப்பா, அதில் மூன்றை உள்ளே வைத்துக் கட்டிவிட்டேன். அறிவியல் ஆசிரியைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மூடிய இடத்தில் கால்சியம் குளோரைடு தண்ணீரை இழுத்துத் தானே கரைந்து, காற்றின் ஈரப்பதத்தை 30 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். மலைக்காற்றிலிருந்து பாலைவனத்துக்கு ஒரே வாரம். பையைத் திறந்து விரற்பலகையின் ஓரத்தைத் தடவினேன், கை கிழிந்தது. ஃபிரெட்டின் முனைகள் இருபுறமும் முட்களாக நீட்டிக்கொண்டிருந்தன. உலோகம் வளரவில்லை, மரம் சுருங்கியது. மரம் நாரின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். ஐந்து சென்டிமீட்டர் அகலப் பலகையில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலே விரல் சொல்லிவிடும். உடலின் பின்பக்க ஒட்டும் ஓரிடத்தில் நகம் நுழையும் அளவு விலகியிருந்தது.

அரத்தை எடுத்து முனைகளைத் தேய்த்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு முன் தாத்தாவிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏம்மா டீச்சர், பச்சை இலையை அவசரமா காய வச்சா என்னாகும் தெரியுமா? மேல காஞ்சிடும், உள்ள ஈரம் நின்னுடும். அந்தத் தூளு கொஞ்ச நாள்ல பூஞ்சை புடிச்சிடும். அரத்தைத் தொடாதீங்க. மரம் திரும்பி வரும்.”

1929-இல் போ தோட்டம் தொடங்கிய இந்த மலையில் இலை வாட்டுகிறார்கள். பறித்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான், தூளாகும்போது சுமார் 3 விழுக்காடு மிஞ்சும். ஆனால் எடுத்ததும் சூட்டில் போடுவதில்லை. முதலில் காற்றோட்டத்தில் பல மணி நேரம் வாட வைக்கிறார்கள். என் கிட்டாரிலும் வெளித்தோல் காய்ந்து சுருங்க, உள்மரம் ஈரத்தோடு விறைத்து நின்றது. இழுபறியில் ஒட்டு விலகியது.

பையைத் தூக்கி எறிந்தேன். கிட்டாரை அலமாரியில் வைத்து, ஒரே ஒரு டப்பா, கதவைக் கொஞ்சம் திறந்தபடி. 25 வெள்ளிக்கு ஓர் ஈரப்பதமானி வாங்கினேன். மலிவான மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். நீங்களே சோதிக்கலாம்: பாட்டில் மூடியில் சமையல் உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் ஈர மணல் போலக் குழைத்து வையுங்கள். அதையும் மீட்டரையும் காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு மூடுங்கள். உள்ளே காற்று 75 விழுக்காட்டில் நிற்கும். என் மீட்டர் 71 காட்டியது. அன்று முதல் நான்கைக் கூட்டியே படிக்கிறேன்.

வாரத்துக்கு ஐந்து ஐந்தாக இறக்கி, ஏழு வாரத்தில் 60-க்கு வந்தேன். முட்கள் பெரும்பாலும் உள்ளே போய்விட்டன. மிஞ்சியதை மட்டும் லேசாகத் தேய்த்தேன். முதல் வாரமே தேய்த்திருந்தால் மரம் மீண்டும் விரிந்தபோது ஃபிரெட்டுகள் குட்டையாகிப் போயிருக்கும். விலகிய ஒட்டில் மரப்பசை வைத்து இறுக்கினேன். கழுத்துத் தண்டை ஒரு நாளைக்குக் கால் சுற்று வீதம் திருகினேன். தாத்தாவின் முழங்கை தேய்த்த இடத்தில் வண்ணம் போய் வெறும் மரம் தெரிகிறது. அதற்கு மேல் எதையும் பூசவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ளிஃபையரையும் காரில் ஏற்றிக்கொண்டு லயத்துக்குப் போனேன். இரண்டாவது ஃபிரெட்டின் பள்ளத்தில் கம்பி உரசி ‘ஜிர்’ என்றது. அதை அடுத்த மாதம் ஈப்போவுக்குக் கொண்டுபோய் மாற்றப்போவதாகச் சொன்னேன். தாத்தா கிட்டாரை வாங்கி மடியில் வைத்து, மடங்காத விரலை அந்த ஃபிரெட்டுக்கு ஒரு நூல் அருகே நகர்த்தி அழுத்தினார். உரசல் நின்றது. அதே கார்டை நாலைந்து தரம் வாசித்தார்.

அந்த ஃபிரெட்டை நான் இன்னும் மாற்றவில்லை. இன்று காலை அலமாரி மீட்டர் 55 காட்டியது, அதாவது 59.