செவிக்கு விருந்தும் செவிக்குக் காவலும்

ஊரை விட்டு வந்தோர்க்கு உற்ற துணைகள் சில உண்டு. ஊறுகாய் ஜாடி ஒன்று, ஊர்க் கடிதம் ஒன்று, பாட்டு ஒன்று. ஜாடி பத்து நாளில் காலியாகிவிடும். கடிதமோ இக்காலத்தில் எவரும் எழுதுவதில்லை. பாட்டு மட்டும் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டு மின்சார ரயிலிலும் மாடிப்படியிலும் நம்முடன் வந்துகொண்டிருக்கிறது. அப்பாட்டைக் கேட்கும் கருவியைக் குறித்தே இம்மாதம் நேயர்களுடன் சிறிது உரையாட விழைகிறோம்.

சென்ற மாதம் குர்லாவில் வாழும் நம் சங்க அன்பர் ஒருவருடைய இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அன்பர் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். முப்பது ஆண்டுகள் ஓர் இயந்திரப் பட்டறையில் சம்மட்டி ஓசைக்கு நடுவே உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஊர்க் கோயிலில் நடந்த கொடை விழாவின் நையாண்டி மேளத்தை உறவினர் ஒருவர் பதிவு செய்து அனுப்பியிருந்தார். பெரியவர் அதனை ஆவலோடு நமக்குப் போட்டுக் காட்டினார். நாகஸ்வரம் கேட்டது, தவிலின் வலந்தலை கேட்டது, பம்பையும் ஒருவாறு கேட்டது. உறுமியை மட்டும் காணோம்!

"உறுமிச் சத்தம் இல்லாம ஒரு கொடையா ஐயா? சாமி எப்படி இறங்கி வரும்?" என்று பெரியவர் வருந்தினார்.

அருகில் நின்ற அவருடைய புதல்வன், தன் பையிலிருந்து ஓர் இயர்போனை எடுத்து நீட்டினான். நடைபாதைக் கடையில் 250 ரூபாய்க்கு வாங்கியது. 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று பெட்டியின்மீது பெரிய எழுத்தில் பொறித்திருந்ததாம். வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, இடப்பக்கம் ஊமையாகிவிட்டது. "மாமா, ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஒதுக்கி வெச்சிருக்கேன். சின்னதா, பையில அடங்குற மாதிரி, நல்லா பேஸ் கேக்கிற மாதிரி ஒண்ணு வாங்கணும். எதை வாங்கலாம்?" என்று அவன் வினவினான்.

நாம் இத்துறையில் வல்லுநர் அல்லோம். ஆயினும் அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்ததில் நாம் அறிந்துகொண்டவை நம் குடும்பங்கள் பலவற்றிற்கும் பயன்படும் என்று எண்ணியே ஈண்டு எழுதலானோம்.

உறுமி எங்கே போயிற்று?

மனிதச் செவி வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிகளைக் கேட்கவல்லது. வினாடிக்கு ஓர் அதிர்வு என்பதை ஒரு ஹெர்ட்ஸ் என்பர். இளைஞர்கள் 'பேஸ்' என்று கூறும் தாழ்ந்த நாதம் ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டது. மிருதங்க வித்துவான் தொப்பியில் ரவைப் பசை அப்புவதை நாம் பார்த்திருக்கிறோம். பசையின் கனத்தால் தோலின் அதிர்வு குறைகிறது, நாதம் தாழ்கிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் உறுமியின் முனகலும் இத்தகைய தாழ்ந்த ஒலியே.

தாழ்ந்த ஒலியை எழுப்ப மிகுதியான காற்றை அசைக்கவேண்டும். ஆதலின்தான் கோயில் விழாக்களில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்குகிறார்கள். கைப்பேசியினுள் இருக்கும் சிற்றொலிபெருக்கியோ கட்டைவிரல் நகத்தளவே உடையது. அஃது உறுமியின் ஒலியை எவ்வாறு எழுப்பும்? குற்றம் பதிவு செய்தவருடையதும் அன்று. உறுமி வாசித்தவருடையதும் அன்று.

அங்ஙனமாயின் அதனினும் பெரிதல்லாத இயர்போன் மட்டும் எப்படிப் பேஸ் தரும் என்று நேயர்கள் கேட்கக்கூடும். அறை முழுவதிலும் உள்ள காற்றை அஃது அசைக்கவேண்டுவதில்லை. கருவிக்கும் செவிப்பறைக்கும் இடைப்பட்ட சிறிதளவு காற்றை அழுத்தினால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அவ்விடைவெளி நன்கு மூடியிருத்தல் வேண்டும். ஓட்டை விழுந்த சைக்கிள் பம்பினால் காற்றடிக்க முயன்றவர்களுக்கு இது விளங்கும். சிறு கசிவு இருப்பினும் முதலில் வெளியேறுவது தாழ்ந்த ஒலியே. கீச்சென்ற ஒலிகள் எஞ்சி நிற்கும், உறுமி ஓடிவிடும்.

ஆகவே, பேஸ் என்பது பெட்டியின்மேல் அச்சிட்ட எழுத்தில் இல்லை. கருவி காதோடு பொருந்தும் பொருத்தத்தில் இருக்கிறது. இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எவ்வகை யாருக்கு?

கையடக்கமான கருவிகளின் வரலாறு நெடியதன்று. 1979-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஸோனி நிறுவனத்தார் வாக்மேன் என்னும் சிறு கேஸட் கருவியை மெல்லிய ஹெட்போனுடன் வெளியிட்டனர். அன்றுமுதல் பாட்டு, நடப்பவனோடு நடக்கலாயிற்று. 1984-ல் அமெரிக்காவின் காஸ் நிறுவனத்தார் போர்ட்டா ப்ரோ என்ற மடக்கு ஹெட்போனை வெளியிட்டனர். நுரைத் திண்டுகளோடு காதின்மேல் அமரும் அவ்விலேசான கருவி, பேஸுக்குப் பெயர்பெற்று இன்றளவும் விற்பனையில் உள்ளது. பேஸுக்குப் பெருத்த உருவம் இன்றியமையாததன்று என்பதற்கு அஃது ஒரு சான்று. ஆனால் இவ்வகைத் திறந்த கருவிகள் வெளியோசையைத் தடுப்பதில்லை. அமைதியான வீட்டுக்கு அவை உகந்தவை. தாதர் நிலையத்து நெரிசலுக்கு உகந்தவை அல்ல.

இரண்டாவது வகை, பின்புறம் மூடிய ஹெட்போன். இது வெளியோசையை ஓரளவு தடுக்கும்; பேஸும் நன்றாக இருக்கும். எனினும் மும்பை வெயிலில் காது வியர்க்கும். மூக்குக்கண்ணாடி அணிவோர்க்குக் கண்ணாடிக் கம்பியின் ஓரமாகக் காற்று கசியும். தோடும் மாட்டலும் அணிந்த பெண்மணிகளுக்கு, காதின்மேல் அழுந்தும் எந்த ஹெட்போனும் அரை மணியில் நோவு தரும்.

மூன்றாவது, ரப்பர் முனையோடு காதுத் துளையினுள் பொருந்தும் இயர்போன். மூன்றனுள் மிகச் சிறியதும், குறைந்த செலவில் மிகுந்த பேஸ் தரவல்லதும் இதுவே. பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு முனைகள் வைத்திருப்பார்கள். நம்மவரில் பலர் கருவியில் மாட்டி வந்ததையே வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். இது பெரும் பிழை. மூன்றையும் மாட்டிப் பார்த்தல் வேண்டும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தவேண்டும் என்பதும் இல்லை. முனையே இல்லாத கெட்டிப் பிளாஸ்டிக் இயர்போன்களில் கசிவு மிகுதி; பேஸ் விரும்புவோர் அவற்றை விலக்குவதே நன்று.

பெட்டியில் எழுதியிருப்பவை

'20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று பெட்டியில் கண்டு மயங்கற்க. அவ்வெல்லைக்குள் எந்த ஒலி எவ்வளவு உரத்துக் கேட்கும் என்று அது சொல்வதில்லை. '40 மில்லிமீட்டர்' என்னும் அளவும் அவ்வாறே. பெரிய வட்டு உதவும், ஆனால் பொருத்தம் இன்றேல் பயன் இல்லை. ஓம் கணக்கு மட்டும் பார்க்கத்தக்கது. கைப்பேசிக்கு 16 முதல் 32 ஓம் வரை உள்ளவை பொதுவாக ஏற்றவை.

கம்பியா, கம்பியில்லாததா? 1,500 ரூபாய்க்குக் கம்பியில்லாக் கருவி வாங்கினால் அத்தொகையில் ஒரு பங்கு மின்கலத்திற்கும் புளூடூத் பகுதிக்கும் போய்விடும். மேலும் லித்தியம் மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளரும். சிறு கருவிகளில் அதனை மாற்றுவதும் எளிதன்று. கம்பியுள்ளதில் கொடுத்த பணம் பெரும்பாலும் ஒலிக்கே போகிறது. கம்பி அறுவது பெரும்பாலும் செருகியின் கழுத்தருகே. ஆதலால் அவ்விடம் தடித்திருக்கிறதா என்று வளைத்துப் பார்த்து வாங்குக. இக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் வட்டத் துளை இல்லை. அத்தகையோர் டைப்-சி செருகியுள்ளதையோ, அதற்கான சிறு இணைப்பையோ கேட்டுப் பெறுதல் வேண்டும்.

கடையில் செய்யவேண்டியது

மும்பையில் கிராண்ட் ரோடு நிலையத்தருகே லாமிங்டன் சாலை, தில்லியில் நேரு பிளேஸ், பெங்களூரில் எஸ்.பி. சாலை என ஊர்தோறும் மின்பொருள் வீதிகள் உண்டு. எங்கு வாங்கினும் ரசீது பெறுக. உத்தரவாதம் எத்தனை மாதம் என்று எழுதி வாங்குக. சோதித்துப் பார்க்க இசைவளிக்கும் கடையில் நன்கு பழகிய ஒரே பாட்டை எல்லாக் கருவியிலும் கேட்க வேண்டும். காதின்மேல் அமரும் ஹெட்போனை இரு விரலால் மெல்லக் காதோடு அழுத்துக. அழுத்தியதும் பேஸ் திடீரெனப் பெருகினால், இயல்பான நிலையில் அது கசிகிறது என்று பொருள். அந்தக் கருவி அத்தலைக்கு உரியதன்று. பிறகு தலையை இருபுறமும் அசைத்துப் பார்க்கவேண்டும். நழுவினால் ரயிலில் தங்காது. காதினுள் செருகும் இயர்போன்களைச் சோதிக்கப் பல கடைகளில் விடுவதில்லை. பலர் காதில் வைத்ததை நாமும் வைப்பது தூய்மையும் அன்று. அவற்றில் மூன்று அளவு முனைகள் உண்டா என்பதையேனும் உறுதி செய்துகொள்க.

இதற்குப் பின்னும் பேஸ் போதவில்லையெனின், கைப்பேசியில் உள்ள ஈக்வலைஸரைத் திறந்து மேல் ஒலிகளைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். தாழ்ந்த ஒலி தானே முன்வரும். இதற்குக் காசு செலவில்லை. மொத்த ஓசையும் உயர்வதில்லை.

காவல்

இனி, நம் நெஞ்சை உறுத்திய செய்திக்கு வருவோம். பேஸை நாடுவோர் ஒலியை மிக உயர்த்துவது இயற்கை. 1933-ல் ஃபிளெட்சர், மன்ஸன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், ஓசை குறைவாக இருக்கும்போது நம் செவி தாழ்ந்த ஒலிகளை மற்றவற்றைவிட மிகக் குறைவாக உணர்கிறது என்று அளந்து காட்டினர். போதாக்குறைக்கு ரயிலின் இரைச்சல் வேறு. கருவியும் கசிந்தால் கேட்பவன் என்ன செய்வான்? திருகிக்கொண்டே போவான்.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட நெறிப்படி, வளர்ந்தவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்திற்கு 75 டெசிபலே எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 டெசிபலில் 20 மணி. 86-ல் 10 மணி. 89-ல் 5 மணி. நாள்தோறும் போகவர மூன்று மணி ரயிலில் கழிக்கும் நம் பிள்ளைகள் அந்த ஐந்து மணியைச் செவ்வாய்க்கிழமைக்குள் கடந்துவிடுவார்கள்.

உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் உள்ளன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேரோசையால் வரும் கேடு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான மேல் ஒலிகளிலேயே முதலில் தோன்றும். அதாவது மேளம் கேட்கும். பேச்சில் வரும் ச, த, க முதலிய எழுத்துக்கள் தெளிவாகக் கேளா. பாட்டு கேட்ட பிறகு காதில் ரீங்காரம் எழுந்தால் அது எச்சரிக்கை. அடுத்த நாளும் அது நீடித்தால் காது மருத்துவரை நாடவேண்டும். தண்டவாளத்தருகிலும் சாலையைக் கடக்கும்போதும் இரு காதையும் அடைத்துக்கொண்டு செல்லற்க என்று தனியே கூறவும் வேண்டுமோ?

குர்லா அன்பரின் வீட்டில் அடுத்த ஞாயிறன்று ஒரு முடிவு ஏற்பட்டது. ஒன்றுக்குப் பதில் இரண்டு வாங்கினார்கள். ரயிலில் செல்லும் மகனுக்கு மூன்று முனைகளோடு கூடிய கம்பி இயர்போன் 600 ரூபாய். கண்ணாடி அணியும் தந்தைக்கு, வீட்டில் கேட்க, நுரைத் திண்டுள்ள சிறு ஹெட்போன் 850 ரூபாய். மீதி 50 ரூபாய்க்குத் தேநீரும் வடாபாவும் ஆயிற்று.

பெரியவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கொடை மேளம் தொடங்கியது. சிறிது நேரத்தில் அவருடைய வலக்கை தொடையில் தானாகத் தாளமிடத் தொடங்கிற்று. "வந்துட்டு! உறுமி வந்துட்டு!" என்றார். கண்கள் கலங்கியிருந்தன.

மேளம் முடிந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றினார். "அப்பா, சத்தம் போதுமா?" என்று மகன் கேட்டான். "என்னலே?" என்றார். மீண்டும் கேட்டான். "என்ன சொன்னே?" என்று அவர் காதருகே கையை வைத்துக்கொண்டார். உறுமி கேட்ட அச்செவிக்கு மகனுடைய சொல் எட்டவில்லை. பட்டறை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான்.

மகன் ஒன்றும் கூறவில்லை. தன் கைப்பேசியை எடுத்தான். ஒலியளவை இரண்டு படி இறக்கினான். பிறகு தந்தையின் அருகே சென்று அமர்ந்து, அவர் முகம் பார்த்து, நிறுத்தி நிதானமாக அதே கேள்வியைக் கேட்டான்.