இருதரப்பு உதவியும் யாழ்ப்பாண முஸ்லிம்களின் மீளெழுச்சியும்

ஒரு சமூகம் தன் சொந்த மண்ணுக்குத் திரும்பி வருவதும், அம்மண்ணில் உழைத்துப் பொருளீட்டிக் காலூன்றி வாழ்வதும் ஒன்றல்ல. யாழ்ப்பாண முஸ்லிம்களின் அண்மைக்கால வரலாறு இவ்வுண்மையையே உணர்த்தி நிற்கின்றது. 2009 ஆம் ஆண்டில் போர் முடிவுற்ற பின்னர், வடக்கின் மீள்கட்டுமானத்திற்கென இந்தியாவும் இலங்கையும் பல இருதரப்பு ஏற்பாடுகளைச் செய்துகொண்டன. அவற்றின் பயன் இச்சிறு சமூகத்தைச் சென்றடைவதில் ஏற்பட்ட தடைகள் யாவை, இனிச் செய்யத்தக்கது என்ன என்பவற்றை இன, மத வேறுபாடின்றி நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு ஏதிலிகளாயினர். யாழ்ப்பாண நகரில் அது நிகழ்ந்த நாள் ஒக்டோபர் 30 ஆகும். சோனகத் தெருவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்ந்தோருக்கு இரண்டு மணி நேர அவகாசமே வழங்கப்பட்டது. பணமும் நகையும் பறிக்கப்பட்டன. வீடும் கடையும் சரக்கும் கைவிடப்பட்டன. அவர்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்து முகாம்களில் தஞ்சமடைந்தனர்.

இழக்கப்பட்டவை வீடுகள் மாத்திரமல்ல. தையற்கடை, இரும்புக்கடை, நகைக்கடை, இறைச்சிக்கடை, லொறிப் போக்குவரத்து எனக் குடாநாட்டின் அன்றாட வாணிபத்தில் முஸ்லிம்களுக்கென ஓர் இடம் இருந்தது. தமிழர் வாங்கினர், முஸ்லிம்கள் விற்றனர். முஸ்லிம்கள் வாங்கினர், தமிழர் விற்றனர். கல்வியிலும் இவ்வுறவு நிலவியது. இலங்கைச் சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கடன் கொடுத்தும் வாங்கியும் பல தலைமுறைகளாக வளர்ந்த நம்பிக்கைதான் அச்சமூகத்தின் உண்மையான மூலதனம். அதுவே 1990 இல் அறுந்தது.

2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் போது அன்ரன் பாலசிங்கம் இவ்வெளியேற்றத்தை ஓர் அரசியல் தவறு என ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரல் 13 ஆம் நாள் வே. பிரபாகரனும் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் றவூப் ஹக்கீமும் கிளிநொச்சியில் சந்தித்து, முஸ்லிம்களின் மீள்திரும்புகை குறித்து இணக்கம் கண்டனர். சில குடும்பங்கள் திரும்பின. எனினும், 2006 ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 பாதை மூடப்பட்டதும் அம்முயற்சி தடைப்பட்டது. பரவலான மீள்வருகை 2009 இன் பின்னரே சாத்தியமாயிற்று.

அவ்வேளையில்தான் இந்திய வீடமைப்புத் திட்டம் வந்தது. 2010 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ புதுடில்லி சென்றிருந்தபோது, 50,000 வீடுகளுக்கான உதவியை இந்தியா அறிவித்தது. முன்னோடியாக 1,000 வீடுகள் அமைக்கப்பட்டன. 2012 ஜனவரியில் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபர் 2 ஆம் நாள் வடக்கு, கிழக்கிற்கான பெருங்கட்டம் தொடங்கியது. ஒரு பயனாளிக்கு 550,000 ரூபா, வேலையின் முன்னேற்றத்திற்கு ஏற்பத் தவணை தவணையாக அவரது வங்கிக் கணக்கிலேயே இடப்பட்டது. தன் வீட்டைப் பயனாளி தானே கட்டிக்கொள்ளும் இம்முறை இடைத்தரகருக்கு இடமளிக்காத நல்ல முறை எனலாம்.

ஆயினும், தமக்கு உரிய பங்கு கிட்டவில்லை என்னும் ஆதங்கம் யாழ்ப்பாண முஸ்லிம்களிடையே தொடர்ந்து ஒலித்தது. அதன் காரணத்தை இந்தியாவின் மீதோ, ஒரு தனி அதிகாரியின் மீதோ சுமத்திவிட்டு அமைதியடைதல் பொருத்தமற்றது. சிக்கல் தகுதிவிதிகளிலேயே தங்கியிருந்தது. பயனாளி திரும்பி வந்து குடியமர்ந்திருக்க வேண்டும். அவருக்குக் காணி இருக்க வேண்டும். வேறு நிலையான வீடு இருக்கலாகாது. இவை போருக்கு அஞ்சி அருகில் ஒதுங்கி, ஓரிரு ஆண்டுகளில் மீண்டவர்களுக்கு இசைவானவை. இருபது ஆண்டுகள் புத்தளத்தில் வாழ்ந்தவருக்கோ இவை ஒரு சுழற்பொறியாகிவிடுகின்றன. வீடின்றிக் குடியமர முடியாது. குடியமராவிடில் வீடு கிடைக்காது. பிள்ளைகளின் பாடசாலையும் அன்றாடத் தொழிலும் புத்தளத்தில் இருக்க, கூரையில்லாத சுவருக்குள் குடும்பத்தை அழைத்து வந்து காத்திருக்கும்படி எவரிடம் கூறுவது?

காணியும் எளிதான விடயமன்று. சோனகத் தெரு நெருக்கமான நகரப் பகுதி. வெளியேறியபோது ஒரு குடும்பமாக இருந்தது, திரும்பும்போது மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகியிருந்தது. ஒரு துண்டுக் காணிக்கு ஒரு வீடு என்னும் கணக்கு அங்கே எடுபடவில்லை. வாடகை வீட்டில் வாழ்ந்தோருக்குத் திரும்பி வருவதற்குக் காணியே இல்லை.

புத்தளத்தில் கிடைத்த உதவியும் மற்றொரு கேள்வியை எழுப்பியது. அங்கிருந்த இடம்பெயர்ந்தோருக்கென 2007 ஆம் ஆண்டில் உலக வங்கி 32 மில்லியன் டொலர் வீடமைப்புத் திட்டமொன்றை அங்கீகரித்தது. முகாம் வாழ்வின் அவலத்தை நோக்குமிடத்து அது வேண்டிய உதவியே. ஆனால், அங்கே ஒரு கூரை பெற்றவர் பிறந்த ஊரில் கொண்டிருந்த உரிமையையும் கைவிட்டார் எனக் கொள்வது எவ்வகையிலும் நீதியாகாது.

உதவிப் பணம் வந்துவிட்டால் மாத்திரம் போதாது என்பதற்குக் கிழக்கிலும் ஒரு படிப்பினை உண்டு. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் அம்பாறை மாவட்டத்து நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை எந்த இனத்தவருக்கு எவ்வளவு பகிர்ந்தளிப்பது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. வீடுகள் பல்லாண்டுகளாகக் கையளிக்கப்படாமல் பாழடைந்து கிடந்தன. இரண்டு அரசுகள் இணங்கிய பின்னரும், அருகருகே வாழும் சமூகங்கள் இணங்காவிடின் விளைவு என்னவாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலும் இவ்வாபத்து இல்லாமலில்லை. முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட அதே 1990 ஆம் ஆண்டில்தான் வலிகாமம் வடக்குத் தமிழ் மக்களும் இடம்பெயர்ந்தனர். அவர்களது காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. வரையறுக்கப்பட்ட வீடுகளுக்கு இரு சமூகத்தவரும் விண்ணப்பிக்கும்போது, ஒருவருக்குக் கிடைப்பது மற்றவரிடமிருந்து பறிக்கப்பட்டது போன்ற தோற்றம் எழுகின்றது. இரண்டு துயரங்களையும் தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்பது முறையன்று. இரண்டிற்கும் பரிகாரம் வேண்டும்.

ஆகவே, இருதரப்பு ஒத்துழைப்பு என்பதை நாம் இரு பொருளில் விளங்கிக்கொள்ள வேண்டும். கொழும்புக்கும் புதுடில்லிக்கும் இடையிலானது ஒன்று. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலானது மற்றொன்று. முன்னையது நிதியைத் தரும். பின்னையது அந்நிதிக்குப் பயனைத் தரும்.

இதனைச் செயலாக்க முதலிற் செய்யத்தக்கவை சில உள. மீள்திரும்புவோரின் தகுதியைத் தற்போதைய வதிவிடத்தை மாத்திரம் கொண்டு தீர்மானியாது, 1990 இற்கு முந்திய வாக்காளர் இடாப்பு, பாடசாலைப் பதிவேடு, பள்ளிவாசல் பதிவேடு ஆகியவற்றையும் சான்றாகக் கொள்ளலாம். நகர்ப்புறத்துச் சிறு காணிகளில் பல குடும்பங்களுக்கான மாடி வீடுகளை அமைக்கலாம். பயனாளிகள் தெரிவை இரு சமூகப் பிரதிநிதிகளும் அமர்ந்த குழுவொன்று பிரதேச செயலக மட்டத்தில் மேற்கொண்டு, பட்டியலையும் காரணங்களையும் பகிரங்கமாக ஒட்டிவைத்தால் ஐயம் குறையும்.

வீட்டிற்கு அடுத்தது தொழில். கடை இழந்த வணிகருக்கு வீடு மாத்திரம் சோறு போடாது. சிறு மூலதனமும், சந்தையில் ஓர் இடமும், இளைஞருக்குத் தொழிற்பயிற்சியும் தேவை. இந்திய உதவியுடன் அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை புனரமைக்கப்பட்டது. 2023 இல் ஆரம்பித்து, இடைநின்று, 2024 இல் மீளத் தொடங்கிய நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் சேவை பாக்குநீரிணையின் இரு கரைகளையும் இணைத்தது. கடல்கடந்த வாணிபத்தில் நெடுங்கால அனுபவமுள்ள தமிழக முஸ்லிம் வணிகருடன் யாழ்ப்பாண முஸ்லிம்களும் தமிழரும் கூட்டாக முயன்றால், இத்தகைய வசதிகள் உதவித் திட்டங்களைவிட நீடித்த பயனளிக்கும்.

சட்டமும் துணை நிற்க வேண்டும். போர்க்காலத்தில் பிறர் குடியிருந்த காணிகளின் உரிமையாளரைப் பாதுகாக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனால், வழக்குத் தொடர அது வழங்கிய காலம் இரண்டு ஆண்டுகளே. தொலைவில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு அக்காலம் போதுமானதன்று. அவ்வாய்ப்பை மீளவும் வழங்குவது குறித்து நாடாளுமன்றம் ஆராய வேண்டும்.

முஸ்லிம்களின் மீள்திரும்புகைக்கு விரிவான அரச கொள்கை தேவை எனக் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இலேயே எடுத்துரைத்தது. கொள்கையை அரசு வகுக்கலாம். நிதியை அயல்நாடு வழங்கலாம். மூடிக் கிடந்த கடை திறக்கும் நாளில் முதல் வாடிக்கையாளராக அதன் படியேற வேண்டியவர் பக்கத்துத் தெருத் தமிழரே. அறுந்த நம்பிக்கை அங்கிருந்துதான் மீண்டும் துளிர்க்கும்.