குறையாத நிலுவை

குறிஞ்சாக்கேணியிலிருந்து உம்மா ஒருவர் எமது அலுவலகத்துக்கு வந்தார். “ஃபாதர், பத்துத் தவணை கட்டிட்டன். கடன் குறையவே இல்லையாம்” என்றார்.

அவருடைய பாஸ்புத்தகம் சரியாகவே இருந்தது. பிழை எமது கணினியில். கள உத்தியோகத்தர்கள் நால்வர் பகிர்ந்து பயன்படுத்திய எக்செல் மாதிரித் தாளில், நிலுவையைக் கணிக்கும் சூத்திரத்தின்மேல் யாரோ கைதவறி ஓர் எண்ணைத் தட்டிவிட்டிருந்தனர். மாதந்தோறும் அந்தத் தாளையே பிரதியெடுத்தோம். பிழையும் கூடவே வந்தது.

படித்தவர்களுக்கும் இது நேர்ந்ததுண்டு. பொருளியலாளர்களான கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் ஆகியோர் 2010இல் வெளியிட்ட அரச கடன் பற்றிய ஆய்வில், சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டது. 2013இல் அதைக் கண்டுபிடித்தவர் தோமஸ் ஹேர்ண்டன் என்ற மாணவர்!

எக்செலில் எல்லாக் கலங்களும் தொடக்கத்திலேயே ‘லொக்ட்’ எனக் குறிக்கப்பட்டவைதாம். ஆனால் தாளைப் பாதுகாக்கும்வரை அப்பூட்டு வேலை செய்யாது. ஆகவே, நாம் நிரப்பவேண்டிய கலங்களை மட்டும் தெரிந்து, கன்ட்ரோலையும் 1ஐயும் சேர்த்து அழுத்தி, ‘புரொட்டெக்ஷன்’ பகுதியில் அக்குறியை நீக்கவேண்டும். பின்னர் ‘ரிவியூ’வில் ‘புரொட்டெக்ட் ஷீட்’. கோப்பை ‘டெம்பிளேட்’ ஆகச் சேமித்தால், இருமுறை தட்டும்போது புதிய பிரதியே திறக்கும்; மூலம் தப்பும். தாளின் கடவுச்சொல் கைத்தவறுக்கு வேலி, கள்வனுக்கு அல்ல. அதை ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்து இடமாற்றம் பெற்றுப் போவதும் எமக்குப் பழக்கமான கதையே.

உம்மாவின் கணக்கை அன்றே திருத்தினோம். குழுவின் மற்றப் பாஸ்புத்தகங்களையும் ஒப்பிட்டபோது மேலும் மூவரின் நிலுவை உறைந்து கிடந்தது. அவர்கள் முறையிடவேயில்லை, கட்டிக்கொண்டே இருந்தார்கள்.